37-வது ஃபிரேமில் விழுந்த அடி

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் ராத்திரி 11.20 மணிக்கு, ஒரு கம்ப்யூட்டர் சண்டை கேமில், என் தங்கை மகன் ஓட்டிய பொம்மையின் தலை கழன்று தரையில் உருண்டது. அடித்தது என் பொம்மையின் வலது கை. தலை கழன்றதைவிட, அது எந்த ஃபிரேமில், அதாவது ஓடுகிற படத்தின் எத்தனையாவது துண்டில், கழலும் என்று நான் நோட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேனோ அதற்கு இரண்டு ஃபிரேம் தள்ளி, 37-ல் கழன்றதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். பொங்கல் லீவில் ஆரம்பித்த வேலை இது. நடுவில் எங்கெல்லாம் தப்பாகப் போனேன் என்பது மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

விளையாட்டின் பெயர் டோரிபாஷ். 2006-ல் நாபி ஸ்டுடியோஸ் வெளியிட்டது, இலவசம். மற்ற சண்டை கேம்களில் ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு குத்து வரும். இதில் குத்து என்ற பட்டனே கிடையாது. பொம்மைக்கு 20 மூட்டு இருக்கிறது. ஒவ்வொரு மூட்டையும் மடக்கு, நீட்டு, இறுக்கிப் பிடி, தளர்த்திவிடு என்ற நான்கு நிலையில் ஒன்றில் வைக்கலாம். எல்லாவற்றையும் வைத்துவிட்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கொஞ்ச நேரம் ஓடும், நிற்கும். மறுபடி மூட்டுகளை மாற்றிவிட்டு மறுபடி தட்ட வேண்டும். உடம்பின் எடை, வேகம், தரையின் பிடிமானம் எல்லாவற்றையும் ஓடிஇ என்ற இயற்பியல் எஞ்சின் கணக்குப் போட்டுக் காட்டும். நம் பொம்மை டோரி, எதிரில் நிற்பது ஊக்கே. ஜூடோ, அய்கிடோவில் செய்பவருக்கும் வாங்கிக்கொள்பவருக்கும் உள்ள பெயர்கள் அவை.

நான் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் லேத் (இரும்பு கடைகிற மெஷின்) ஓட்டுகிறேன். வீடு திருமங்கலம். கேம் ஆடுகிற வயது எனக்கு இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் இதை மாப்பிள்ளை, அதுதான் தங்கை மகன், காட்டிய அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. காரணம், தனியாக ஆடும்போது அதே மூட்டை அதே ஃபிரேமில் மாற்றினால் அதே விளைவு திரும்ப வருகிறது. அப்படி ஒரு இயந்திரம் கையில் கிடைத்தால் அளந்து பார்க்காமல் இருக்க முடியுமா.

செலவுக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளி போனஸில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 9,500 ரூபாய். கேம் மிகவும் லேசானது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமலே ஓடுகிறது. வாங்கி மூன்று வாரத்தில் ஸ்பேஸ் பார் ஒரு பக்கம் அமுங்கிப் போனது. இந்த கேமில் ஸ்பேஸ் பார்தான் உயிர், அதனால் 380 ரூபாய்க்கு யுஎஸ்பி கீபோர்டு. மூட்டுகள் சின்னச் சின்ன உருண்டையாக இருக்கும், டச்பேடில் குறி தவறிக்கொண்டே இருந்தது, அதனால் மவுஸ் 250. லாங் சைஸ் நோட்டு 60. லேப்டாப்பை விட்டுவிட்டால் மொத்தம் 690 ரூபாய். இதில் மிகவும் பயன்பட்டது 60 ரூபாய் நோட்டுதான்.

முதல் வாரம் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். இரண்டு நெஞ்சு மூட்டையும் மடக்கினால் விரிந்திருக்கும் இரண்டு கையும் முன்னால் வந்து ஊக்கேயைக் கைதட்டுவது போல அறையும். கேமில் அந்த நெஞ்சு மூட்டுக்குப் பெயர் பெக். பெக் இரண்டையும் மடக்கு, ஸ்பேஸ் தட்டு, அறை விழும். சத்தமும் வரும், புள்ளியும் ஏறும், ஆனால் எதுவும் கழலாது. கிளாசிக் விதியில் ஒரு மூட்டு கழல்வதற்கு 100 என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டுகிற அடி விழுந்தால்தான் பிய்த்துக்கொண்டு போகும். என் அறை அதன் பக்கத்தில் கூடப் போகவில்லை.

சரி, ஒரே கை, ஒரே அடி, அதை மட்டும் சரிசெய்வோம் என்று முடிவுசெய்தேன். வலது கை, இலக்கு தலை.

அளக்க என்ன வழி என்பதில்தான் இரண்டு நாள் போனது. கண்ணால் பார்த்தால் எல்லா அடியும் வேகமாகத்தான் தெரிகிறது. முதலில் மொபைலில் வீடியோ எடுத்து ஸ்லோவாக ஓட்டிப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. அப்புறம் ரீப்ளேயை சேமிக்கும்போது உருவாகும் ஆர்பிஎல் ஃபைலை சும்மா நோட்பேடில் திறந்தேன். அது முழுக்க எழுத்தும் எண்ணும்தான். ஃபிரேம் வாரியாக ஒவ்வொரு உறுப்பும் எங்கே இருக்கிறது, என்ன வேகத்தில் போகிறது என்று வரிசையாக இருக்கிறது. லின்வெல் என்று தொடங்கும் வரியில் 21 உறுப்புக்கும் தலா மூன்று எண், ஆக 63 எண். வலது கை அதில் 12-வது உறுப்பு. அதாவது 34, 35, 36-வது எண்கள். மூன்றையும் தனித்தனியே வர்க்கம் எடுத்து, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் கையின் வேகம். என் முதல் ஒற்றைக் கை அடிக்கு 6.2, 9.1, 1.3 என்று இருந்தது. வர்க்கங்களின் கூட்டல் 122.94, வேகம் 11.1. என்ன அலகு என்பது எனக்கு முக்கியமில்லை. நாளைக்கு அடிக்கிற அடி 11.1-ஐவிடக் கூடுதலா குறைவா, அது தெரிந்தால் போதும்.

ஒரு கவனம். அடி விழுந்த பிறகு உள்ள வரியைப் படித்தால் வேகம் குறைந்திருக்கும், மோதலில் பாதி போய்விடும். அடி விழுவதற்கு முந்தைய வரியைத்தான் எடுக்க வேண்டும். நான் முதல் 15 பதிவில் பிந்தைய வரியை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தையே அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். இன்னொன்று, ஃபைலில் வரிகள் நாம் நிறுத்துகிற இடத்தில்தான் பதிவாகின்றன. ஒரு தட்டுக்கு 10 ஃபிரேம் என்று இருந்தால் 10, 20, 30-ல்தான் எண் கிடைக்கும். விதிகள் மெனுவில் அதை 2 ஆக்கிக்கொண்டேன். விரல் வலிக்கும், ஆனால் இடையில் நடப்பது தெரியும்.

இனி அடியின் கதை.

கை வேகமாக வர வேண்டுமென்றால் கைமூட்டுகளைத்தானே சரிசெய்ய வேண்டும் என்று முதல் இரண்டு வாரமும் தோள், பெக், முழங்கை இந்த மூன்றிலேயே கிடந்தேன். எல்லாச் சேர்மானத்தையும் போட்டுப் பார்த்தேன். 60-க்கு மேல் பதிவு. 11.1-ல் இருந்து 13.4 வரை வந்து நின்றுவிட்டது. ஒவ்வொரு மூட்டுக்கும் உள்ள பலம் அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த மூன்றும் தராது. வேலையிடத்தில் ஆழம் எடுக்க எடுக்க மோட்டார் முனகும், அதற்கு மேல் டூலைத் தீட்டிப் பயனில்லை என்று தெரியும். இங்கே அது தெரிய எனக்கு இரண்டு வாரம் ஆகியிருக்கிறது.

அடுத்து செஸ்ட். மார்பை முதலில் வலப்பக்கம் திருப்பி, பிறகு இடப்பக்கம் வீசினால் வலது தோள் முன்னால் பாயும், கை அதோடு வரும். முதல் முயற்சியிலேயே 16.8. ஒரே தாவு. சரி, ஓங்குவதை இன்னும் அதிகமாக்குவோம் என்று செஸ்டை 20 ஃபிரேம் வலப்பக்கம் திருப்பினேன், லம்பார் என்ற கீழ்முதுகு மூட்டையும் சேர்த்து வளைத்தேன், இடது கையையும் பின்னால் இழுத்தேன். வேகம் 14.9-க்கு இறங்கியது. இன்னும் ஓங்கினேன், 14.2. ஏன் என்றே புரியவில்லை. நோட்டில் அந்த வாரம் வெறும் எண்கள்தான் இருக்கின்றன, பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை வந்திருந்தான். அவனுக்கு ரீப்ளேயைப் போட்டுக் காட்டினேன்.

"மாமா, நீங்க கையையேதான் பாக்குறீங்க. காலப் பாருங்க, எப்புடி வழுக்குதுன்னு."

கேமராவைக் கீழே இறக்கிப் பார்த்தேன். டோரியின் மேலுடம்பு இடப்பக்கம் திரும்பத் திரும்ப, பாதம் இரண்டும் தரையில் வலப்பக்கமாகத் தேய்ந்துகொண்டு போனது. மேலே கொடுத்ததைக் கீழே இழந்துகொண்டிருந்தேன். லேத்தின் பிடியான சக்கில், ஜாப்பை, அதாவது கடைய வேண்டிய துண்டை, சரியாகப் பிடிக்காமல் எவ்வளவு நல்ல டூல் வைத்தாலும் ஜாப்தான் சுற்றிக்கொள்ளும். 18 வருஷமாக பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது.

அதை உறுதிசெய்ய ஒரு சோதனை வைத்தேன். இரண்டு முழங்காலையும் இரண்டு இடுப்பு மூட்டையும் நீட்டி டோரியைக் குதிக்க வைத்து, காலிரண்டும் தரையை விட்ட பிறகு அதே செஸ்ட் வீச்சைக் கொடுத்தேன். மேலுடம்பு இடது, கீழுடம்பு வலது, முறுக்கிய துணி பிரிவது போல. கை வேகம் 12.6. தரையில் கால் ஊன்றி இருந்தபோது 16.8. அந்த வித்தியாசம் முழுக்கத் தரை தந்தது.

கால் வழுக்காமல் இருக்க என்ன செய்வது. கணுக்கால் இரண்டையும் இறுக்கிப் பார்த்தேன், பெரிய மாற்றமில்லை. இரண்டு காலையும் அகலமாக வைத்துப் பார்த்தேன், வழுக்கல் குறைந்தது, ஆனால் உடம்பு முன்னால் நகரவே இல்லை, கை எட்டவில்லை. கடைசியில் பலன் தந்தது இது: முதல் 10 ஃபிரேமில் வலது முழங்காலைக் கொஞ்சம் மடக்கி எடையை அந்தக் காலில் இறக்கிவிட்டு, செஸ்ட் வீச்சு தொடங்குவதற்குச் சற்று முன்னால் வலது இடுப்பையும் முழங்காலையும் நீட்டுவது. அந்தத் தள்ளலில் பாதம் தரையோடு அழுந்துகிறது. அழுந்தின பாதம் தேயாது. இடது காலை இறுக்கிப் பிடித்துத் தூணாக நிறுத்தினேன். வேகம் 20.3.

இதற்குப் பிறகுதான் வேலை சூடு பிடித்தது. இதுவரை நான் எல்லா மூட்டையும் ஒரே நேரத்தில் ஏவிக்கொண்டிருந்தேன். கால், செஸ்ட், பெக், முழங்கை நான்கும் ஒரே தட்டில். அப்படிச் செய்தால் முழங்கை முதலில் முடிந்துவிடுகிறது. அது சின்ன மூட்டு, தூக்க வேண்டிய எடையும் கொஞ்சம், ஏழெட்டு ஃபிரேமில் முழுக்க நீண்டுவிடும். மார்பு திரும்பி முடிக்க அதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது. ஆக மார்பின் வேகம் கைக்கு வந்து சேரும்போது முழங்கை தன் வேலையை முடித்துவிட்டுக் கம்பு போல நிற்கிறது. சின்ன வயதில் பம்பரம் விட்டவர்களுக்கு இது கை அறியும். தோள் முதலில் போகும், சாட்டையை வெடுக்கென்று இழுப்பது கடைசியில். முதலிலேயே இழுத்துவிட்டால் பம்பரம் தலைகீழாக விழும்.

அதனால் ஒவ்வொன்றாகத் தள்ளினேன். விதி ஒன்றுதான்: ஒரு முயற்சிக்கு ஒரு மூட்டு, ஒரு தடவைக்கு 2 ஃபிரேம். செஸ்டை 20-ல் வைத்துக்கொண்டு பெக்கை 20, 22, 24, 26, 28 என்று நகர்த்தினேன். 26-ல் உச்சம், 28-ல் இறங்கியது. பெக்கை 26-ல் பூட்டிவிட்டு முழங்கையை நகர்த்தினேன். 32-ல் உச்சம். அதுவரை முழங்கையை என்ன செய்வது என்பதில் ஒரு சின்னக் கண்டுபிடிப்பு. இறுக்கிப் பிடித்தால் 23.7. தளர்த்தி விட்டால் 25.2. தளர்ந்த முழங்கை மார்பு திரும்பும்போது தானாகப் பின்தங்கி மடங்குகிறது, அப்புறம் நீட்டும்போது அதற்கு ஓட அதிக தூரம் கிடைக்கிறது. ஆனால் முதல் 10 ஃபிரேமிலேயே தளர்த்தினால் கை தொய்ந்து கீழே விழுந்துவிடும். 20 வரை மடக்கி வைத்து, 20-ல் தளர்த்தி, 32-ல் நீட்டு. இந்த வரிசையில் 26.9 வந்தது. முதல் நாள் 11.1.

தலை மட்டும் கழலவில்லை.

26.9 வேகத்தில் வருகிற கை பட்டும் ஏன் கழலவில்லை என்று மூன்று ராத்திரி உட்கார்ந்தேன். பங்குனி வெயில், மாடி அறையில் ஃபேன் சூட்டையே சுற்றிச் சுற்றி அனுப்பியது. கடைசியில் நோட்டில் ஒரு புது கட்டம் போட்டேன்: ஃபிரேம் எண் கீழே, வேகம் மேலே. ஊக்கே இல்லாத வெறும் காற்றில் அடித்த அடியையும், ஊக்கே மேல் பட்ட அடியையும் ஒரே கட்டத்தில் வரைந்தேன். காற்றில் அடிக்கும்போது கையின் உச்ச வேகம் 38-வது ஃபிரேமில். ஊக்கேயின் தலையில் கை படுவதோ 33-ல். 33-ல் கையின் வேகம் 17 கூட இல்லை. நான் இத்தனை நாள் பெருமைப்பட்ட 26.9 காற்றில் வந்த எண். தலை அதற்கு ஐந்து ஃபிரேம் முன்னாலேயே வழியில் நின்றுகொண்டிருந்தது.

எல்லோரும், நானும்தான், அடி வலுவாக விழ வேண்டுமென்றால் இன்னும் நெருங்க வேண்டும் என்று நினைக்கிறோம். எனக்கு வேண்டியிருந்தது தூரம். கை முழு வேகத்தை எட்டுகிற இடத்தில் தலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பொம்மைக்கும் இடையிலுள்ள தூரத்தை விதியில் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் மற்றவர்களோடு ஆடும்போது அந்த வசதி இருக்காது. அதனால் டோரியின் நிலையில்தான் செய்தாக வேண்டும். முதல் 10 ஃபிரேமில் வலது முழங்காலை மடக்கும்போது கூடவே வயிற்று மூட்டான ஆப்ஸை நீட்டி மேலுடம்பைப் பின்னால் சாய்த்தேன். தோள் ஒரு சாண் பின்னால் போனது போல இருந்தது. கை படுகிற ஃபிரேம் 33-ல் இருந்து 36-க்கு நகர்ந்தது. படும் நேரத்து வேகம் 24.1. மேலும் சாய்த்தால் டோரி மல்லாந்து விழுந்தது, அதனால் அங்கேயே நிறுத்தினேன்.

பங்குனி கடைசி வாரத்தில், 171-வது பதிவில், தலை கழன்றது. சத்தம் போட்டுவிட்டேன், கீழே இருந்து என்னவோ ஏதோ என்று ஆள் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அளப்பதற்கு இன்னொரு வழி கிடைத்தது. கழல்வதற்கான எல்லை 100 என்றேன் அல்லவா, அதை நாமே உயர்த்தலாம். எங்கள் வேலையில் துளை சரியா என்று பார்க்க கோ, நோ-கோ கேஜ் வைத்திருப்போம். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அதேபோல எல்லையை 120, 140, 160 என்று ஏற்றிக்கொண்டே அதே அடியை அடித்தேன். 140-ல் கழன்றது, 160-ல் நின்றது. ஆக இந்த அடியின் அளவு இரண்டுக்கும் நடுவே. ஃபைலைத் திறந்து வர்க்கமூலம் போடுவதைவிட இது வேகமான சோதனை. முதல் வாரமே இதை யோசித்திருக்க வேண்டும்.

இந்த கேஜை வைத்துத்தான் மணிக்கட்டைச் சரிசெய்தேன். தளர்ந்திருந்தால் 140 தாண்டவில்லை. படுவதற்கு முந்தைய தட்டில் மணிக்கட்டு, முழங்கை, தோள் மூன்றையும் இறுக்கினால் 180 தாண்டியது. கையின் வேகம் அதே 24-தான், கொஞ்சமும் கூடவில்லை. தளர்ந்த மூட்டோடு பட்டால் உள்ளங்கை எடை மட்டும் மோதுகிறது, இறுக்கிப் பிடித்தால் கை முழுவதும் ஒரே கட்டையாக மோதுகிறது. ஆனால் இரண்டு ஃபிரேம் முன்னதாக இறுக்கிவிட்டால் வேகம் செத்துவிடும். 34-ல் இறுக்கியதுதான் சரியாக இருந்தது.

அப்புறம் வெளியாட்களோடு ஆடும் அறைக்குள் போனேன். அங்கே என் 2 ஃபிரேம் கணக்கு எதுவும் செல்லாது. நான் போன அறைகளில் ஒரு தட்டுக்கு 10 ஃபிரேம். 26-ல் பெக், 32-ல் முழங்கை, 34-ல் இறுக்கம் என்று நான் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய எதையும் அங்கே கொடுக்க முடியாது. 0, 10, 20, 30 இந்த நான்கு வாய்ப்புதான். ஒரு வாரம் அதை மடக்கி மடக்கிப் பார்த்தேன். பெக்கை 20-க்கு இழுத்தால் செஸ்டோடு ஒட்டிக்கொள்கிறது, 30-க்குத் தள்ளினால் முழங்கையோடு ஒட்டிக்கொள்கிறது. பெக் 20, முழங்கை 30 என்று வைத்தபோது இழப்பு குறைவு. இறுக்கம் இல்லாமலே போனது, மணிக்கட்டை மட்டும் தொடக்கத்திலிருந்தே இறுக்கி வைத்தேன். கேஜில் 120 தாண்டியது, 140 தாண்டவில்லை. கிளாசிக் 100-க்கு அது போதும். முதலிலிருந்தே 10-ல் பழகியிருந்தால் ஒரு மாதம் மிச்சம். ஆனால் 2-ல் பார்க்காமல் இருந்திருந்தால் உச்சமும் படுவதும் வேறு வேறு ஃபிரேம் என்பது எனக்குத் தெரிந்திருக்காது. அதனால் இதை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை.

முதல் 14 ஆட்டத்தில் ஒன்றுகூடத் தலையில் படவில்லை. தனியாக ஆடும்போது ஊக்கே கல் மாதிரி நிற்கும். எதிரில் ஆள் இருந்தால் அவன் நிற்கவா போகிறான். சாய்வான், குனிவான், என் பக்கமே பாய்வான். 37-ல் தலை இருக்க வேண்டிய இடத்தில் அவன் முதுகு இருக்கும். திரையில் நிழலுருவம் ஒன்று முன்கூட்டியே ஓடிக் காட்டும், இப்போது உள்ள மூட்டு நிலையிலேயே போனால் என்ன ஆகும் என்று. அதை நம்பித்தான் அடித்தேன். அந்த நிழலுக்கு எதிராளி இந்தத் தட்டில் என்ன மாற்றப்போகிறான் என்பது தெரியாது. போன தட்டில் அவன் வைத்ததை வைத்துத்தான் அது காட்டும்.

தனி ஆட்டத்தில் ஊக்கேயின் மூட்டுகளையும் நாமே மாற்றலாம். அதனால் ஐந்து விதமான ஊக்கேயைத் தயார்செய்தேன்: இடப்பக்கம் சாய்கிறவன், வலப்பக்கம் சாய்கிறவன், குனிந்து பாய்கிறவன், பின்வாங்குகிறவன், உதைக்க வருகிறவன். ஐந்து பேரிடமும் முதல் 20 ஃபிரேமை ஒரே மாதிரி ஆடினேன்: கால் ஊன்று, சாய், ஓங்கு, தள்ளு. 20-ல் நின்று எதிராளி எங்கே போகிறான் என்று பார்த்து, பெக்கும் தோளும் என்ன செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன். பாய்கிறவனுக்குத் தோளை இறக்க வேண்டும், இல்லையென்றால் கை அவன் தலைக்கு மேலே போய்விடும். இடப்பக்கம் சாய்கிறவனுக்கு லம்பாரையும் சேர்த்து வளைக்க வேண்டும். பின்வாங்குகிறவனை இந்த அடியால் பிடிக்கவே முடியவில்லை, இப்போதும்தான். அவனுக்குக் காலால்தான் ஏதாவது செய்ய வேண்டும்.

சித்திரைத் திருவிழாவுக்கு மாப்பிள்ளை வந்தபோது பாஸ்வேர்டு போட்ட ஒரு அறையில், அவன் லேப்டாப்பும் என் லேப்டாப்பும் ஒரே ஹாட்ஸ்பாட்டில், பத்து ஆட்டம் ஆடினோம். ஆறு அவன், நான்கு நான். அந்த நான்கில் ஒன்றுதான் ஆரம்பத்தில் சொன்னது. அவன் பாய்ந்து வந்தான், 20-ல் தோளை இறக்கினேன், 35-ல் படும் என்று நோட்டில் எழுதினேன், 37-ல் பட்டது.

"என்ன மாமா, ஒரே அடியில முடிச்சுட்டீங்க," என்றான். ரீப்ளேயைச் சேமித்து, அந்த ஃபைலைத் திறந்து அவன் முன்னாலேயே கணக்குப் போட்டேன். 22.8.

அடுத்த தடவை முதலில் செய்யப்போவது எல்லையை ஏற்றி இறக்கும் கேஜ் சோதனை. ஃபைல் கணக்கு கேஜில் எண் மாறாதபோது மட்டும். இரண்டாவது, காற்றில் ஒரு தடவை, ஊக்கே மேல் ஒரு தடவை என்று ஜோடியாக அடித்து, உச்சமும் படுவதும் எந்த ஃபிரேமில் என்று முதல் நாளே கட்டத்தில் வரைந்துவிடுவேன். மூன்றாவது, கேமராவை இடுப்புக்குக் கீழே வைத்து ஆரம்பிப்பேன். நோட்டில் 232 வரி முடிந்திருக்கிறது. நேற்று 233-ல் வலது காலால் ஒரு உதை, நின்ற கால் வழுக்கியது, பாத வேகம் 15.7.